ஹலோ 10, டெட் 40: ரவுட்டரின் வாசலில் எழுதிய எண்களின் கதை

ரவுட்டரின் பின்பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். கேபிள் செருகும் வாய்கள் வரிசையாக இருக்கும். வீட்டு ரவுட்டரில் நாலைந்து, பெரிய நிறுவனங்களின் ரவுட்டரில் டஜன் கணக்கில். இவற்றுக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். வாசல் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெரிய நெட்வொர்க்குகளில் ஒவ்வொரு வாசலுக்கும் சில எண்கள் எழுதி வைத்திருப்பார்கள். இந்த வழியாகப் போக எவ்வளவு "செலவு"? எதிர்முனை ரவுட்டருக்கு எத்தனை வினாடிக்கு ஒருமுறை "நான் இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்? எத்தனை வினாடி அங்கிருந்து சத்தமே இல்லையென்றால் ஆள் போய்விட்டான் என்று முடிவு கட்டலாம்? நாம் அனுப்பும் ஒரு செய்தி எந்தப் பாதையில் போகிறது என்பதில் இந்தச் சின்ன எண்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இந்த எண்களை எழுதுவது யார்?

கேட்க அற்பமான கேள்வியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு பழைய ஆர்எஃப்சிகளைப் படித்துக்கொண்டே போனால் (இணையத்தின் நெறிமுறைகளை வரையறுக்க 1969 முதல் வரிசை எண் போட்டு வெளிவரும் ஆவணங்கள் இவை) ஐம்பது ஆண்டுக் கதை ஒன்று கிடைக்கிறது. முதலில் இயந்திரம் தானே எழுதிக்கொண்டது. அப்புறம் மனிதன் கையால் எழுதினான். இப்போது ஒரு கோப்பு எழுதுகிறது. ஒவ்வொரு முறை கை மாறியதற்கும் ஒரு காரணம் இருந்தது.

இயந்திரம் தானே எழுதிய காலம்

1969இல் அமெரிக்காவில் ஆர்பாநெட் தொடங்கியபோது ரவுட்டர் என்ற சொல் புழக்கத்தில் இல்லை. பிபிஎன் என்ற நிறுவனம் செய்து கொடுத்த ஐஎம்பி என்ற கணினிகள்தான் அந்த வேலையைச் செய்தன. அந்த ஆண்டு முடியும்போது மொத்தமே நாலு இடங்களில்தான் அவை இருந்தன. ஒரு வாசலில் எத்தனை பொட்டலங்கள் வரிசையில் காத்திருக்கின்றன என்று ஐஎம்பி எண்ணிப் பார்க்கும். வரிசை நீளம் என்றால் செலவு அதிகம், குட்டை என்றால் குறைவு. இந்தக் கணக்கை ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் பக்கத்து ஐஎம்பிகளோடு பரிமாறிக்கொண்டே இருக்கும். மனிதன் எதையும் எழுதவேண்டியதில்லை.

பிரச்சினை என்னவென்றால், வரிசையின் நீளம் கண் இமைக்கும் நேரத்தில் மாறும். அந்தந்த நொடியின் நீளத்தை வைத்து நாடு முழுக்கப் பாதை தீர்மானிப்பது சரிப்படவில்லை. 1979இல் பிபிஎன்னின் மெக்குயிலன், ரிச்சர், ரோசன் மூவரும் புது முறை கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு ஐஎம்பியும் தன் வாசல்களில் ஏற்படும் தாமதத்தை அளந்து, 10 வினாடிக்கு ஒருமுறை சராசரி எடுக்கும். சராசரி கணிசமாக மாறினால் அதை நெட்வொர்க் முழுவதற்கும் அறிவிக்கும். எல்லா ஐஎம்பிகளிடமும் முழு வரைபடம் இருக்கும். 1959இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட குறுகிய பாதைக் கணக்கின் ஒரு வடிவத்தைக் கொண்டு ஒவ்வொன்றும் தன் பாதைகளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

போக்குவரத்து குறைவாக இருந்தவரை இது அழகாக ஓடியது. கூட்டம் சேர்ந்ததும் ஒரு விநோதம் வெளிப்பட்டது. இரண்டு பகுதிகளுக்கு நடுவே இரண்டே இணைப்புகள் இருக்கின்றன என்று வையுங்கள். முதல் இணைப்பில் நெரிசல். அதன் செலவு ஏறிவிட்டதாக எல்லோருக்கும் அறிவிப்பு போகிறது. உடனே எல்லா ஐஎம்பிகளும் ஒரே நேரத்தில் இரண்டாவது இணைப்புக்குத் தாவும். இப்போது அங்கே நெரிசல், முதலாவது வெறிச்சோடிக் கிடக்கும். அடுத்த அறிவிப்பு வந்ததும் எல்லாம் திரும்பி வரும். ஒரு ரேஷன் கடையில் கூட்டம் என்று ஊரே பக்கத்துத் தெருக் கடைக்கு ஓடினால் என்ன ஆகும்? அதேதான். இரண்டு இணைப்பு இருந்தும் எந்த நேரத்திலும் ஒன்றுதான் பயன்பட்டது.

1987இல் பிபிஎன்னைச் சேர்ந்த கன்னாவும் ஜிங்கியும் இதற்கு ஒரு வைத்தியம் பார்த்தார்கள். என்ன நெரிசல் இருந்தாலும் ஓர் இணைப்பின் செலவு, அது சும்மா இருக்கும்போது உள்ளதைப்போல சுமார் மூன்று மடங்குக்கு மேல் ஏறக்கூடாது. ஏறுவதும் இறங்குவதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்க வேண்டும். இயந்திரத்தின் சுதந்திரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள் என்று சொல்லலாம். இருவரும் 1989இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: அளவீடு சரியாகவே இருந்தது. சரியான அளவீட்டுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி எதிர்வினை செய்ததுதான் கோளாறு. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மனிதன் கைக்கு வந்த எண்

அதே 1989இல்தான் ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறையின் முதல் வரையறை, ஆர்எஃப்சி 1131, வெளிவந்தது. எழுதியவர் ஜான் மாய். இன்று நடைமுறையில் இருக்கும் இரண்டாம் பதிப்பின் வரையறை 1998 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 2328. அதையும் எழுதியவர் அவரே. நிறுவனங்களின் உள் நெட்வொர்க்குகளில் இன்றுவரை இதுதான் பரவலாக ஓடுகிறது.

ஆர்பாநெட்டின் இரண்டாவது முறையிலிருந்து ஓஎஸ்பிஎஃப் நிறைய எடுத்துக்கொண்டது. முழு வரைபடம், எல்லோருக்கும் அறிவிப்பு, டைக்ஸ்ட்ரா கணக்கு எல்லாம் உண்டு. ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. வாசலின் செலவை இயந்திரம் அளப்பதில்லை. நிர்வாகி எழுதுவார், 1 முதல் 65535 வரை ஏதோ ஓர் எண். நெரிசல் வந்தாலும் அது மாறாது. இருபது ஆண்டு தாவலுக்கும் ஆட்டத்துக்கும் பிறகு பொறியாளர்கள் எடுத்த முடிவு இது என்று பார்த்தால் நியாயம் புரியும்.

நிர்வாகி எழுதாவிட்டால்? சிஸ்கோ ஒரு வாய்பாடு வைத்தது. 100 மெகாபிட்டை இணைப்பின் வேகத்தால் வகுத்தால் செலவு. 64 கிலோபிட் இணைப்புக்கு 1562, 10 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 10, 100 மெகாபிட்டுக்கு 1. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 100 மெகாபிட் என்பது எட்டாத உயரம். அப்புறம் ஜிகாபிட் வந்தது. வாய்பாட்டின்படி 0.1 வர வேண்டும், ஆனால் 1க்குக் கீழே இடமில்லை. ஆகவே அதற்கும் 1. 10 ஜிகாபிட்டுக்கும் 1. மாட்டுவண்டிப் பாதைக்கும் நாலுவழிச் சாலைக்கும் வித்தியாசம் தெரிந்த ஓஎஸ்பிஎஃப்புக்கு, நாலுவழிச் சாலைக்கும் நாற்பதுவழிச் சாலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போனது. வாய்பாட்டின் 100 மெகாபிட்டைப் பெரிதாக்க ஒரு கட்டளை உண்டு. ஆனால் அதை எல்லா ரவுட்டரிலும் ஒரே மாதிரி போட வேண்டும். பாதியில் போட்டு மீதியில் விட்டால், ஒரே வேகமுள்ள இணைப்பை ஒரு ரவுட்டர் 10 என்கும், இன்னொன்று 1 என்கும்.

ஹலோ எண்களுக்கு இதைவிடக் கறாரான சட்டம். பொதுவாக 10 வினாடிக்கு ஒரு ஹலோ. 40 வினாடி ஹலோ வராவிட்டால் எதிர்முனை இறந்ததாகக் கணக்கு, அதைத்தான் டெட் இடைவெளி என்கிறார்கள். ஒவ்வொரு ஹலோ பொட்டலத்திலும் இந்த இரண்டு எண்களும் எழுதியிருக்கும். இரண்டு முனைகளிலும் அவை அச்சாக ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அந்த ஹலோவை ரவுட்டர் கீழே போட்டுவிடும். சமரசப் பேச்சு எல்லாம் கிடையாது.

இதை மடிக்கணினியிலேயே செய்து பார்க்கலாம். எஃப்ஆர்ஆர் என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை இரண்டு மெய்நிகர் ரவுட்டர்களில் ஓடவிட்டேன். உறவு ஏற்பட்ட பிறகு ஒரு பக்கம் மட்டும் ஹலோவை 10லிருந்து 5 ஆக்கினேன். ஒரு நிமிடத்துக்குள் உறவு முறிந்தது. வேடிக்கை என்னவென்றால், கேபிள் சரியாக இருக்கிறது, பிங் அடித்தால் எதிர்முனை பதில் சொல்கிறது. ஆனால் ஓஎஸ்பிஎஃப்பைப் பொறுத்தவரை அங்கே யாருமே இல்லை. அந்த இணைப்பின் வழியாகக் கற்றுக்கொண்ட பாதைகள் எல்லாம் காலி.

கையால் எழுதுவதன் விலை

பத்து ரவுட்டர் என்றால் ஒவ்வொன்றிலும் டெல்நெட் போட்டு உள்ளே போய்க் கட்டளை தட்டலாம். ஆயிரம் இருந்தால்? இயந்திரத்திடமிருந்து எண்ணைப் பிடுங்கி மனிதனிடம் கொடுத்தாயிற்று. மனிதனால் ஆயிரம் பெட்டிகளில் ஒரே எண்ணைப் பிசகாமல் எழுத முடியாது.

இதற்கான மருந்து அப்போதே காகிதத்தில் இருந்தது என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். 1988இல் எஸ்என்எம்பி என்ற மேலாண்மை நெறிமுறை வந்தது. 1991இல் ஓஎஸ்பிஎஃப்புக்கான எஸ்என்எம்பி அட்டவணை வெளியானது. அதில் ஒவ்வொரு இன்டர்ஃபேஸுக்கும் ஹலோ இடைவெளி, டெட் இடைவெளி எல்லாம் தனித்தனிக் கட்டமாக உண்டு. அருகிலேயே "படிக்கவும் எழுதவும்" என்று குறிப்பு. அதாவது, தூரத்தில் ஒரு நிரலிலிருந்து ரவுட்டரின் ஹலோ எண்ணை மாற்ற 1991லேயே முறைப்படி வழி இருந்தது.

பெரும்பாலோர் எழுதவில்லை, படிக்க மட்டுமே பயன்படுத்தினார்கள். பல கருவிகளில் எழுதும் வசதி முழுமையாக இல்லை. பழைய பதிப்புகளில் கடவுச்சொல் அப்பட்டமாகவே பயணித்தது. எல்லாவற்றையும்விட, நிர்வாகியின் மனதில் இருந்தது "இந்த வேலையைச் செய்" என்ற கட்டளை. எஸ்என்எம்பி கொடுத்ததோ எண் போட்ட கட்டங்களின் பெருங்கடல்.

ஆகவே குறுக்குவழி பிறந்தது. அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட்டில் வேலை செய்த டான் லைப்ஸ் 1990இல் எக்ஸ்பெக்ட் என்ற கருவியை வெளியிட்டார். மனிதன் திரையைப் பார்த்துத் தட்டுவதுபோலவே அது செய்யும். கடவுச்சொல் கேட்டால் இதை அனுப்பு, இந்த எழுத்து வந்தால் அதைத் தட்டு என்று சொல்லி வைத்துவிடலாம். எக்ஸ்பெக்ட்டை வைத்து ரான்சிட் என்ற கருவி செய்தார்கள். ரவுட்டர்களுக்குள் புகுந்து, எழுதியிருப்பதை எல்லாம் நகலெடுத்து, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று காட்டும். நெட்வொர்க் ஆட்கள் மாற்றங்களை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கப் பழகியது இதுபோன்ற கருவிகளால்தான்.

ஆனால் திரையைப் படிக்கும் நிரல் திரையைத்தான் நம்புகிறது. ரவுட்டரின் மென்பொருள் புதுப் பதிப்பில் ஒரு வார்த்தை மாறினால் நிரல் திகைத்து நிற்கும். இன்னும் மோசம், கட்டளையை ரவுட்டர் ஏற்காமல் பிழைச் செய்தி காட்டினால், அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். பாதி எழுதி மீதி எழுதாத ரவுட்டரைப்போல ஆபத்தானது வேறில்லை.

முழு நெட்வொர்க்குக்கும் ஒரே கணக்கு

2000ஆம் ஆண்டில் பெர்னார்ட் ஃபோர்ட்ஸ், மிக்கெல் தோரப் இருவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓஎஸ்பிஎஃப் செலவு எண்களை வாசல் வாசலாக யோசிக்காமல், முழு நெட்வொர்க்கின் போக்குவரத்தையும் முன்னே வைத்துக்கொண்டு சேர்த்துக் கணக்கிட்டால் என்ன ஆகும் என்பதே கேள்வி. மிகச் சிறந்த விடையைக் கண்டுபிடிப்பது கணினிக்கே மகா கடினம் என்று நிறுவினார்கள். அதே சமயம், தேடித் தேடி நல்ல விடைகளை அடையலாம் என்றும் காட்டினார்கள். ஏடி அண்ட் டி நிறுவனம் திட்டமிட்டிருந்த ஒரு முதுகெலும்பு நெட்வொர்க்கில், இவர்கள் கண்டெடுத்த எண்கள் கோட்பாட்டின் உச்சத்தைவிடச் சில சதவீதமே பின்தங்கின.

எனக்கு இந்தக் கட்டுரை ஒரு திருப்பம். ஒரு வாசலின் எண்ணுக்குத் தனியாக அர்த்தமில்லை, மற்ற எல்லா எண்களோடும் சேர்த்துத்தான் அர்த்தம் என்பதை அது கணக்காகவே காட்டிவிட்டது. அப்படியானால் எழுதுவதையும் மொத்தமாகத்தானே எழுத வேண்டும்?

2002 ஜூன் 4 முதல் 6 வரை வர்ஜீனியா மாநிலத்தின் ரெஸ்டன் நகரில் நடந்த ஒரு பட்டறையில் நெட்வொர்க் நடத்துபவர்கள் இதையே வாய்விட்டுக் கேட்டார்கள். நெறிமுறை வகுப்பவர்களும் அவர்களும் மூன்று நாள் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அதன் அறிக்கை மறு ஆண்டு ஆர்எஃப்சி 3535 ஆக வந்தது. ஆர்எஃப்சிகளிலேயே சுவாரசியமாகப் படிக்கக்கூடியவற்றில் அதுவும் ஒன்று. நிர்வாகிகளின் கோரிக்கைப் பட்டியல் அதில் இருக்கிறது: பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும். நாங்கள் எழுதியது வேறு, ரவுட்டர் கற்றுக்கொண்டது வேறு என்று பிரித்துக் காட்ட வேண்டும். இரண்டு பதிப்புகளை ஒப்பிட முடிய வேண்டும். தனித்தனிப் பெட்டியாக இல்லாமல் நெட்வொர்க்கையே மொத்தமாக அமைக்க முடிய வேண்டும்.

அங்கிருந்து பாதை நேராகப் போகிறது. 2006இல் நெட்கான்ஃப் நெறிமுறை, 2010இல் அதற்கான வரையறை மொழி யாங். நெட்கான்ஃப்பில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு. மாற்றங்களை முதலில் வரைவில் எழுதலாம். பிறகு "தற்காலிகமாக அமல்படுத்து" என்று சொல்லலாம். அடுத்த 600 வினாடிக்குள் "சரி, உறுதி" என்று நீங்கள் மறுபடி சொல்லாவிட்டால், ரவுட்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எழுதிய எண்ணாலேயே உங்கள் இணைப்பு அறுந்துபோனால், பத்து நிமிடம் காத்திருந்தால் போதும்.

ஓஎஸ்பிஎஃப்புக்கான யாங் வரையறை எப்போது அதிகாரபூர்வமாக வந்தது தெரியுமா? 2022 அக்டோபரில், ஆர்எஃப்சி 9129 ஆக. 1991இன் எஸ்என்எம்பி அட்டவணைக்கு 31 ஆண்டுகள் கழித்து.

கோப்பு எழுதும் காலம்

அதுவரை யாரும் சும்மா காத்திருக்கவில்லை. 2012இல் மைக்கேல் டிஹான் அன்சிபிள் என்ற கருவியை வெளியிட்டார். எவ்வளவு தூரமானாலும் நொடியில் செய்தி சொல்லும் கற்பனைக் கருவிக்கு அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1966இல் ஒரு நாவலில் வைத்த பெயர் அது. முதலில் சர்வர்களுக்குத்தான். எதிர்முனையில் தனி மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம், எஸ்எஸ்ஹெச் இருந்தால் போதும் என்பதால் நெட்வொர்க் ஆட்களுக்கும் பிடித்துப்போனது. 2016 முதல் ரவுட்டர்களுக்கான பகுதிகள் அதிலேயே வரத் தொடங்கின. இன்று ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ் எண்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது.

இதில் கட்டளை எழுதுவதில்லை. "இந்த ரவுட்டரின் இந்த வாசலில் செலவு 50, ஹலோ 10, டெட் 40" என்று ஒரு கோப்பில் நிலையை எழுதுகிறோம். கருவி ரவுட்டரைப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் மட்டும் மாற்றும். இரண்டாம் முறை ஓட்டினால் எதையும் தொடாது. உண்மை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு இதுவரை "ரவுட்டரில்" என்பது பதில். இனி "கோப்பில்".

ஆனால் கோப்பில் எழுதாமல் விட்டதற்கு என்ன பொருள்? இங்கேதான் ஒரு சொல் தலையெழுத்தை மாற்றும். "மெர்ஜ்டு" என்று போட்டால், இருப்பதோடு இதைச் சேர் என்று அர்த்தம். "ஓவர்ரிடன்" என்று போட்டால், கோப்பில் இருப்பது மட்டுமே இருக்க வேண்டும், மீதியைத் துடைத்துவிடு என்று அர்த்தம். 48 வாசல் உள்ள ஒரு ரவுட்டருக்கு இரண்டு வாசல்களை மட்டும் எழுதிய கோப்பை இரண்டாவது சொல்லோடு அனுப்பினால், மீதி 46 வாசல்களின் ஓஎஸ்பிஎஃப் எண்கள் போய்விடும். கருவியில் பிழை இல்லை, சொன்னதைத்தான் செய்தது.

இன்னொன்று வரிசை. ஹலோ எண்ணை இரண்டு முனைகளிலும் மாற்ற வேண்டும். கருவியின் கட்டளைகள் போவதும் அதே நெட்வொர்க் வழியாகத்தான். அருகிலுள்ள முனையை முதலில் மாற்றி, உறவு முறிந்து, தூரத்து முனைக்கு வேறு வழியும் இல்லையென்றால், அதை மாற்றக் கட்டளை போய்ச் சேராது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டுவது என்று நம்ம ஊரில் சொல்வது இதற்கென்றே சொன்னதுபோல இருக்கிறது. தூரத்து முனையை முதலில் மாற்றுவது, டெட் இடைவெளி முடிவதற்குள் இரண்டையும் மாற்றி முடிப்பது, தனியான மேலாண்மை இணைப்பு வைத்துக்கொள்வது எல்லாம் இதற்காகத்தான்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம்போலக் காணாமல் போனது நினைவிருக்கும். அது ஓஎஸ்பிஎஃப் கதை இல்லை, ஆனால் அடியில் ஓடும் நூல் ஒன்றுதான். பராமரிப்பின்போது முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை மதிப்பிட ஒரு கட்டளை கொடுத்தார்கள். அது எல்லா இணைப்புகளையும் இறக்கிவிட்டது. தவறான கட்டளைகளைத் தடுப்பதற்கென்றே இருந்த தணிக்கைக் கருவியில் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. டேட்டா சென்டர்களோடு பேச முடியாத டிஎன்எஸ் சர்வர்கள், தங்களிடம்தான் கோளாறு என்று எண்ணித் தங்கள் முகவரி அறிவிப்பைத் தாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. ஒவ்வொன்றும் தன்னளவில் சரியாகவே நடந்துகொண்டது. எல்லாம் ஒரே நேரத்தில் நடந்துகொண்டதுதான் வினை. அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்று நெட்வொர்க்கும் கைகொடுக்காமல், பொறியாளர்கள் நேரில் கட்டடத்துக்குப் போகவேண்டியதாயிற்று.

ஆர்பாநெட்டின் தாவலைப் பற்றி மேலே சொன்னதை இப்போது திரும்பப் பாருங்கள். 1987இல் கன்னாவும் ஜிங்கியும் செய்தது என்ன? மாற்றத்தின் அளவுக்கு ஓர் உச்சவரம்பு, வேகத்துக்கு ஒரு தடை. நெட்கான்ஃப்பின் 600 வினாடியும் அதே இனம். ஒரு நேரத்தில் ஒரு ரவுட்டர் மட்டும், அது பிழைத்தால்தான் அடுத்தது என்று அன்சிபிளில் எழுதிவைப்பதும் அதே இனம். எண்ணை எழுதும் கை இரண்டு முறை மாறியிருக்கிறது. கடிவாளத்தின் தேவை மாறவில்லை.

எண்ணை யார் எழுதுவது என்று கேட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தவன் நான். இப்போது யாராவது ஆட்டோமேஷன் கோப்பு ஒன்றைக் காட்டினால், அதிலுள்ள எண்களைப் பிறகுதான் பார்க்கிறேன். முதலில் தேடுவது மூன்றை: ஒரே நேரத்தில் எத்தனை ரவுட்டரைத் தொடுகிறது, தப்பானால் தானாகத் திரும்புமா, திரும்பாவிட்டால் உள்ளே போக வேறு வழி இருக்கிறதா. உங்கள் அலுவலகத்தில் இந்த வேலை நடந்தால், அடுத்த முறை ஓட்டுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.